வேலை போயிடுமோ என்ற பயத்தோடு வேலைக்குப் போவது

வேலை போனவர்களுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் இருப்பார்கள். போன் பண்ணி விசாரிப்பார்கள், தெரிந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன் என்பார்கள். வேலை இன்னும் போகவில்லை, ஆனால் போயிடுமோ என்று தினம் தினம் செத்துப் பிழைக்கிறவர்களுக்கு அப்படி யாரும் கிடையாது. "உனக்குத்தான் வேலை இருக்கே, அப்புறம் என்ன கவலை?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் அதில் ஒருத்தி.

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மாதாந்திர அறிக்கை தயாரிப்பது என் வேலை. மறுசீரமைப்பு நடக்கப்போகிறது என்று ஒருநாள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மெயில் வந்தது. எந்தப் பிரிவு, எத்தனை பேர், எப்போது என்று ஒரு விவரமும் இல்லை. "உரிய நேரத்தில் தெரிவிக்கப்படும்" என்று மட்டும் இருந்தது. அன்றிலிருந்து மேனேஜர் அனுப்பும் ஒவ்வொரு சொல்லையும் துருவித் துருவிப் படிக்க ஆரம்பித்தேன். முன்பெல்லாம் "ஓகே, தேங்க்ஸ்" என்று பதில் போடுவார். இப்போது வெறும் "ஓகே". அந்த தேங்க்ஸ் எங்கே போச்சு என்று அரை மணி நேரம் யோசித்திருக்கிறேன். விஷயம் என்னவென்று போடாமல் காலண்டரில் 15 நிமிட மீட்டிங் அழைப்பு வந்தால் அடிவயிறு கலங்கிவிடும். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரியும், அவர் அடுத்த வாரம் லீவில் போகிறார், அந்த நாட்களில் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார் என்று. வெளியே வரும்போது நிம்மதிப் பெருமூச்சு விடலாம், ஆனால் உடம்பு அவ்வளவு சீக்கிரம் அடங்காது. மதியம் வரை கை ஜில்லென்றே இருக்கும்.

உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நடுராத்திரி மூன்று மணிவாக்கில் முழிப்பு வந்துவிடும், அதற்கப்புறம் தூக்கம் வராது. காலையில் எழுந்தால் தாடை வலிக்கும். பல்லில் ஏதோ கோளாறு என்று பல் டாக்டரிடம் போனேன். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க. பல் தேய ஆரம்பிச்சிருக்கு. மனசுல ஏதாவது ஓடிக்கிட்டே இருக்கா?" என்று கேட்டார். வீட்டில்கூட யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்தை என் பல் சொல்லிக் கொடுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். எனக்குள் என்ன நடக்கிறது என்று அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நடந்தது, 2016இல் வெளியானது. 45 பேரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஒரு விளையாட்டு. திரையில் கல் தெரியும். அதன் அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு ஷாக். ஆட்டம் போகப் போக எந்தக் கல்லின் அடியில் பாம்பு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது மாறிக்கொண்டே இருக்கும். அவர்களுடைய வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஷாக் கட்டாயம் விழும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, விழலாம், விழாமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனதாம்.

இதைப் படித்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோழை, சின்ன விஷயத்துக்கெல்லாம் பயப்படுகிறவள் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வேலை போனால் தாங்குவேனா மாட்டேனா என்பது வேறு கேள்வி. என்னை அரித்துத் தின்றுகொண்டிருந்தது அந்தப் பாதிக்குப் பாதி. அப்படியென்றால், எதெல்லாம் தெரிந்துகொள்ள முடியுமோ அதையெல்லாம் முதலில் தெரிந்துகொண்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். நிறுவனத்தின் முடிவு என் கையில் இல்லை. ஆனால் எனக்குத் தெரியாத விஷயங்களில் பாதி நான் கேட்காததால் தெரியாமல் இருந்தவை, பார்க்காததால் தெரியாமல் இருந்தவை.

முதல் வேலையாக, சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்த நியமனக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, அவர்களாக அனுப்பினால் என்ன தர வேண்டும், மிச்சமிருக்கும் லீவுக்குப் பணம் உண்டா, மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு நின்றுவிடுமா, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினேன். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு நானும் கணவரும் உட்கார்ந்து வீட்டுக் கணக்கைப் போட்டோம். நிறுத்தவே முடியாத செலவு ஒரு பக்கம், தள்ளிப்போடக்கூடியது ஒரு பக்கம், வெட்டிவிடக்கூடியது இன்னொரு பக்கம். என் சம்பளம் நின்றுபோனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்போம் என்று கடைசியில் ஒரு எண் வந்தது. பெரிய எண் ஒன்றும் இல்லை. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, இதுக்குள்ள ஒரு வழி பண்ணிக்கலாம்" என்றார். மற்றவர்களின் கணக்கையெல்லாம் மாதாமாதம் போடுகிற எனக்கு, சொந்தக் கணக்கு முன்னால் விரிந்ததும் தரையில் கால் பாவின மாதிரி இருந்தது. அதுவரை என் கற்பனையில் வேலை போன மறுநாளே நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தோம்.

அடுத்தது மேனேஜரிடம் கேட்பது. இதற்குத்தான் ரொம்ப நாள் தயங்கினேன். கேட்டால் பட்டியலில் இல்லாத பேரைச் சேர்த்துவிடுவார்களோ என்று பயம். என்ன கேட்பது என்பதை வார்த்தை வார்த்தையாக எழுதி வைத்துக்கொண்டு போனேன். "என் வேலை இருக்குமா" என்று கேட்கவில்லை, அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "சார், மறுசீரமைப்புல நம்ம பிரிவுக்கு எப்போ முடிவு தெரியும்? அதுவரைக்கும் நான் எந்த வேலைக்கு முக்கியத்துவம் கொடுக்கணும்? என் வேலையில இப்போ உங்களுக்கு ஏதாவது குறை தெரியுதா?" இந்த மூன்றும்தான். அவர் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "உறுதியா எதுவும் என்னால சொல்ல முடியாதும்மா. உங்க வேலையில குறை இல்ல. காலாண்டு முடிஞ்சாத்தான் நமக்கே தெரியும். சொல்லப்போனா என் நிலைமையும் அதேதான்" என்றார். எனக்கு எந்த உத்தரவாதமும் கிடைக்கவில்லை. ஆனால் காலாண்டு முடிவு என்று ஒரு தேதி கிடைத்தது. அதுவரை அந்த "ஓகே"க்கு அர்த்தம் தேட வேண்டியதில்லை என்பதும் கிடைத்தது. மனுஷன் தன் தலைக்கு மேல் தொங்கும் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், என்னை அல்ல.

கேட்க முடியாத அளவுக்குக் கடுமையான மேலதிகாரிகளும் உண்டு. அங்கே இருப்பவர்களிடம் போய் நேரே கேளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம்பிக்கையான சீனியர் ஒருவர் போதும், தேதி மட்டும் தெரிந்தால்கூட எவ்வளவோ மேல்.

வதந்தி விஷயத்தில் எனக்கு எந்தத் தயவுதாட்சண்யமும் இல்லை. எங்கள் பிரிவில் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். மெயில் வந்த பிறகு அதில் வேறு பேச்சே இல்லை. "மேல் மாடியில் ரகசிய மீட்டிங்காம்", "ஹெச்.ஆர். லிஸ்ட் ரெடி பண்ணிட்டாங்களாம்" என்று ராத்திரி 11 மணிக்கும் வந்துகொண்டே இருக்கும். எல்லாம் "ஆம்" போட்ட சேதிகள். நல்ல மனசோடுதான் பகிர்கிறார்கள், பயத்தில் இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்கும் புரிகிறது. ஆனாலும் அதில் வந்த ஒரு சேதியை வைத்து யாராலும் ஒரு துரும்பைக்கூட நகர்த்த முடிந்ததில்லை. குரூப்பை மியூட்டில் போட்டேன். எனக்கு நெருக்கமான ஒருத்தியிடம் மட்டும், "எழுத்துல வந்தது ஏதாவது இருந்தா மட்டும் சொல்லுப்பா" என்று சொல்லிவைத்தேன்.

ராத்திரி மூன்று மணி முழிப்புக்கு உதவியது வேறொன்று. தாமஸ் போர்கோவெக் என்று அமெரிக்காவில் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர், கவலையையே பல வருடம் ஆராய்ச்சி செய்தவர். அவரும் உடன் வேலை பார்த்தவர்களும் 1983இல் ஒரு முறையைச் சோதித்தார்கள். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே ஒதுக்க வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் குறித்துக்கொண்டு அந்த அரை மணிக்குத் தள்ளிவிட வேண்டும். கவலைப்படாதே என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம்தான் வரும். அப்புறம் கவலைப்படு என்று சொன்னால் மனசு கேட்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு, ஜன்னலோர நாற்காலி, ஒரு நோட்டு. பகலில் எழுதி வைத்ததை அப்போது படிப்பேன். "புது ரிப்போர்ட் மெயிலில் என் பேரை சிசி போடவில்லை." "டைரக்டர் லிஃப்டில் பார்த்துச் சிரிக்கவில்லை." காலையில் நெஞ்சை அடைத்த வரிகள் சாயங்காலம் படிக்கும்போது வலுவிழந்து கிடக்கும். எல்லாமே அப்படி இல்லை. "இந்த ரிப்போர்ட்டை ஆட்டோமேட் பண்ணிட்டா நான் எதுக்கு?" என்று ஒரு வரி ஒவ்வொரு சாயங்காலமும் அதே கனத்தோடு இருந்தது. அப்படித் திரும்பத் திரும்ப நின்ற வரிதான் நிஜமான பிரச்சினை என்று கண்டுபிடித்தேன். அந்த ஆட்டோமேஷன் வேலையில் நானே சேர்ந்துகொள்கிறேன் என்று கேட்டுச் சேர்ந்தது அதனால்தான்.

இதெல்லாம் செய்தும் படபடப்பு முழுக்க அடங்காமல் டாக்டரிடம் போனேன். முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார், தைராய்டு பார்த்தார். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும் என்பதால் அதை விட்டுவிடக்கூடாது என்றார். இரண்டும் சரியாக இருந்தன. பிறகு ஜி.ஏ.டி.-7 என்று ஏழு கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் பதற்றமாக இருந்ததா, கவலையை நிறுத்த முடியாமல் போனதா, ஏதோ பயங்கரம் நடக்கப்போகிறது என்ற பயம் இருந்ததா என்ற மாதிரி கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 21. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பார்கள். என்னுடையது அதைத் தாண்டியிருந்தது. கவுன்சலிங் அனுப்பினார், இன்றும் போய்க்கொண்டிருக்கிறேன். தூக்கம், சாப்பாடு, அன்றாட வேலை மூன்றும் கெடுகிற அளவுக்குப் போய்விட்டால் தனியாக மல்லுக்கட்டிக்கொண்டு இருக்காதீர்கள். உயிரே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அந்த நிமிடமே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், டாக்டரோ உதவி எண்ணோ பக்கத்தில் இருப்பவரோ, யாராக இருந்தாலும் சரி.

கவுன்சலர் ஒருநாள், "வேலை போனா உண்மையில் எதை இழப்பீங்க? பணத்தைத் தவிர சொல்லுங்க" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அப்போது அவர் மரியெந்தால் என்ற ஊரைப் பற்றிச் சொன்னார். வியன்னாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆலையை நம்பியே இருந்த ஆஸ்திரிய கிராமம். ஆலை மூடியதும் கிட்டத்தட்ட ஊருக்கே வேலை போனது. மரியா யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹன்ஸ் ஸைஸல் மூவரும் குழுவோடு போய் அங்கே ஆய்வு செய்து 1933இல் புத்தகமாக வெளியிட்டார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனதாம். ஆண்கள் தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அளந்திருக்கிறார்கள், அதுவும் தளர்ந்துபோயிருந்தது. யஹோதா பிற்காலத்தில், சம்பளம் தவிர வேலை நமக்கு ஐந்து விஷயங்கள் தருகிறது என்று எழுதினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், நாலு பேரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிற நோக்கம், ஓர் அந்தஸ்து, கையும் மூளையும் சும்மா இராமல் இயங்குவது.

என் பயத்தில் பெரும்பங்கு அந்த நாலாவதுதான் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. "எங்கே வேலை பார்க்கிறீங்க?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்பது. சேமிப்புக் கணக்கு எத்தனை முறை போட்டாலும் அது தீராது. என் முன்சீட்டில் இருந்தவர் எங்கள் பிரிவிலேயே கெட்டிக்காரர், அவரை ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள். அவர் பார்த்த வாடிக்கையாளர் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம். அவர் திறமையில் ஒரு குறையும் யாரும் சொன்னதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை லேப்டாப்பில், ஆன்லைனில் இருப்பதாகக் காட்டும் பச்சை விளக்கை எரிய விட்டுக்கொண்டிருக்கும் இளம்பிள்ளைகளிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இந்த முடிவுகள் பெரும்பாலும் எங்கோ ஒரு எக்ஸெல் தாளில், பிரிவுச் செலவையும் ஒப்பந்தத்தையும் வைத்து எடுக்கப்படுகின்றன. உங்கள் தூக்கத்துக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

இப்போது வாரம் ஒருநாள், ஆபீஸுக்கு வெளியே உள்ள மனிதர்களோடு, ஒரு படிப்பகத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஐந்தில் மூன்றையாவது வேறோர் இடத்திலும் வைத்துக்கொள்வோமே என்றுதான்.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "உன் வேலையெல்லாம் போகாது" என்று சொல்லாதீர்கள். உங்களுக்கு அது தெரியாது என்று அவர்களுக்குத் தெரியும், அதற்குமேல் உங்களிடம் பேசமாட்டார்கள். என் கணவர் ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது நான் முகம் வாடி வந்தால், "இன்னைக்கு எதுலேர்ந்து ஆரம்பிச்சுது?" என்று கேட்கிறார். நானும் சொல்கிறேன், எந்த மெயில், யார் என்ன சொன்னார்கள் என்று. காலாண்டு முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ரெஸ்யூமேவைப் புதுப்பித்து இரண்டு இடத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.