பற்றரி கிரிப் வாங்கலாமா?

சார்ஜ் போதவில்லை என்பதற்காக மட்டும், கமராவின் அடியில் பூட்டும் கூடுதல் பிடியான கிரிப்பை வாங்காதீர்கள். கனன் 80டி கமராவுக்கான பிஜி-ஈ14 கிரிப்பில் இரண்டு பற்றரி போகும், அவ்வளவுதான். மேலதிகப் பற்றரியைச் சட்டைப்பையில் வைத்திருந்தாலும் அதே பலன். மாற்றச் சில விநாடி போதும்.

கிரிப்பின் உண்மையான பயன், கமராவை நிமிர்த்திப் பிடித்து எடுக்கும் நெடுக்குவாட்டுப் படத்தில். திருகோணமலைக் கோணேஸ்வரம் கோயிலில் கல்யாணம் எடுப்பவருக்கு, முழங்கையைத் தூக்காமலே அழுத்த இன்னொரு ஷட்டர் பட்டன் கிடைக்கிறது. நாள் முழுக்க எடுத்தால் மணிக்கட்டு நன்றி சொல்லும்.

பூட்டும்போது கமராவை அணைத்து, பற்றரி மூடியைக் கழற்றி, கிரிப்பிலுள்ள பள்ளத்தில் பத்திரப்படுத்துங்கள். கிரிப்பைப் பிடிக்கும் திருகு தளர்ந்தால், மின்சாரம் கடத்தும் தொடுமுனை விலகி, கமரா இடையில் அணைந்துவிடும். மலிவான கிரிப்களில் இது அதிகம். கோணேஸ்வரம் இருக்கும் சுவாமி மலையின் உப்புக்காற்றில் நின்ற நாளில் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். பயணமும் கடற்கரையும்தான் உங்கள் படங்கள் என்றால், கிரிப்பின் பாரம் வேண்டாம்.