மூன்றாவது சதுரம் மறுபடியும் உடைந்தது

ஸ்கொயர் டான்ஸில் நான்கு ஜோடிகள் ஒரு சதுரமாக நின்று, அழைப்பவர் சொல்லச் சொல்ல ஆடுவார்கள். அழைக்கப் பழகும் எனக்கு நேற்று இரவு கிளப்பில் அரை டிப் (ஒரு ஆட்டச் சுற்றில் பாதி) கொடுத்தார்கள். பேட்டர் மட்டும், அதாவது பாடாமல் தாளத்தோடு பேசி அழைக்கும் பகுதி, ஏழு நிமிடம். இரண்டு சதுரங்கள் தாக்குப்பிடித்தன. கதவோரம் நின்ற மூன்றாவது சதுரம் நான்கு முறை உடைந்தது. ஆடியவர்கள்மீது குற்றமில்லை. என் வாய்தான் தாமதம்.

ஸ்விங் த்ரூ என்ற அசைவு முடிய 6 தட்டு ஆகும். அடுத்த அழைப்பு நான்காம் தட்டிலேயே கிளம்பிவிட வேண்டும். நானோ ஆறாம் தட்டு முடியும்வரை வேடிக்கை பார்த்துவிட்டு வாயைத் திறக்கிறேன். நிமிடத்துக்கு 126 தட்டு ஓடும் இசையில் இரண்டு தட்டு என்பது ஒரு விநாடிகூட இல்லை. ஆனால் நின்றுவிட்ட கால்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஒருவர் திரும்பிப் பார்த்தால் போதும், எட்டுப் பேரும் கலைந்துவிடுகிறார்கள்.

தாமதத்துக்குக் காரணம் கண் வேறு வேலையில் இருப்பது. பக்கத்துப் பக்கத்து இரண்டு ஜோடிகளை மனத்தில் குறித்துக்கொண்டு, எல்லோரையும் எங்கெங்கோ அலையவிட்டு, அந்த இரண்டு ஜோடிகளை ஒழுங்குசெய்து அலமான் லெஃப்ட் (பக்கத்து ஜோடியில் உள்ளவரோடு இடக்கை பிடித்துச் சுற்றுவது) சொல்லி வீட்டுக்கு, அதாவது தொடங்கிய இடத்துக்கு, அனுப்ப வேண்டும். சிவப்புப் பாவாடையை அடையாளமாக வைத்தேன். அதே சதுரத்தில் இன்னொரு சிவப்புப் பாவாடை இருந்ததைக் கவனிக்கவில்லை. வேறு வழியில்லாமல் அனைவரையும் பழைய இடத்தில் நிறுத்தி, ஹெட்ஸ் ஸ்கொயர் த்ரூ ஃபோர் (எதிரெதிர் ஜோடிகள் இரண்டு நான்கு முறை கை மாற்றிச் செல்வது), நேரே அலமான் லெஃப்ட் என்று முடித்தேன். அதை யாரும் கெடுக்க முடியாது. நட்டுவனார் ஜதி சொல்லும்போது ஆடுபவருக்கு அடுத்த அடவு தெரிந்திருக்கும். இங்கே ஆடுபவருக்கும் தெரியாது, நேற்று எனக்கும் தெரியவில்லை.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் பலர் ஃபிடில் வாசித்துக்கொண்டே அழைப்பும் கொடுத்தார்கள். இரண்டு கையும் சும்மா இருக்கும் எனக்கு இந்தக் கதி.

வீட்டுப் பயிற்சிக்கு நாணயங்கள்தான். ஆண்களுக்குப் பழைய கால் டாலர், பெண்களுக்கு ஒரு சென்ட். மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஆள் பார்க்கிறார் என்று கணக்கு. இதில் ஒரு தொல்லை: சென்டில் லிங்கன் வலப்பக்கம் பார்க்கிறார், வாஷிங்டன் இடப்பக்கம். ஜோடி ஒரே திசையைப் பார்க்க வேண்டுமென்றால் இருவரில் ஒருவர் தலைகீழாக நிற்க வேண்டும். 2022 முதல் 2025 வரை வந்த கால் டாலரில் வாஷிங்டனும் வலப்பக்கம் திரும்பிவிட்டார். சில்லறையைக் கொட்டித் தேடினேன், அப்படிப்பட்டது இரண்டுதான் கிடைத்தது. இன்னும் இரண்டு வேண்டும்.

இதற்கிடையில் பழைய மைக் ஒன்றை வாங்கினேன். "புதிது போல" என்று விற்றவர் சொன்னார். சுவிட்சைத் தொட்டாலே கரகரக்கிறது. டிப்பின் மறுபாதியான பாட்டு அழைப்புக்கு (பாடிக்கொண்டே அழைப்பது) இரண்டு இசைத்தடங்களும் வாங்கிவிட்டேன். 64 தட்டு, ஏழு சுற்று. பேட்டரே கைகூடவில்லை, அதற்குள் இது எதற்கு என்று ஆசிரியர் கேட்பார். அடுத்த வாரம்வரை அவரிடம் சொல்லப்போவதில்லை.