ஊசி முனை தெரிந்ததா? ஸ்கேன் பார்த்து மூட்டில் ஊசி போடும் தேர்வை நடத்தி முடித்த அனுபவம்

நேற்று மாலை ஆறாவது பி.ஜி.யின் (முதுநிலை மருத்துவ மாணவர்) மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஏப்ரல் கடைசியில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று ஆரம்பித்த வேலை, ஜூன் மூன்றாம் வாரம் வரை இழுத்துவிட்டது. உங்கள் துறையில் இப்படி ஒரு தேர்வு வைக்கும் எண்ணம் இருந்தால், நான் அலைந்த அலைச்சலை நீங்களும் அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

வடசென்னையில் ஒரு போதனை மருத்துவமனையில், மறுவாழ்வு மருத்துவத் துறையில் (பி.எம்.ஆர். என்றால்தான் பலருக்குத் தெரியும்) உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எங்கள் ஓ.பி.க்கு வரும் முழங்கால்கள் காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கியவை, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவை. ஊசி மூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கொழுப்பில் இறங்கினால் அவர்களுக்கு வலிதான் மிச்சம், அன்றைய கூலியும் போச்சு. ஆனால் பி.ஜி.க்களுக்கு ஊசி போட வருகிறதா என்று நாங்கள் பார்த்த விதம் என்ன? லாக் புக்கில் 'செய்தார்' என்று ஒரு வரி, பக்கத்தில் எங்கள் கையெழுத்து. இது போதாது என்று துறைக் கூட்டத்தில் சொன்னேன். சரி, நீங்களே நடத்துங்கள் என்று பொறுப்பு என்னிடம் வந்தது.

முதல் அடி மெஷினில் விழுந்தது. மாணவர்கள் செய்முறை பழகும் ஸ்கில்ஸ் லேப் கல்லூரிக் கட்டடத்தில், தெருவுக்கு அந்தப் பக்கம். ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருந்தேன். கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் முழங்காலுக்கும் குறுக்கே வரும் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. நாம் பார்ப்பது மூட்டாக இருக்கலாம். சட்டத்துக்கு அது பதிவு செய்யப்பட்ட அல்ட்ராசவுண்ட் மெஷின், அவ்வளவுதான். இடம் மாற்றுவதென்றால் குறைந்தது 30 நாள் முன்னாலேயே உரிய அதிகாரியிடம் தெரிவித்திருக்க வேண்டும்.

கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதல் தடவை, பதிவுச் சான்றிதழின் நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை நகலோடு போனால், அந்தச் சான்றிதழில் பழைய மெஷினின் சீரியல் நம்பர். மூன்றாம் தடவை அரை நாள் லீவு போட்டுப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஃபைலைத் திறக்கவே இல்லை. "இந்த செக்‌ஷன் இல்ல மேடம், பக்கத்து பில்டிங்" என்றார். முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாம். வெயிலில் வெளியே வந்து நின்றபோது அழுகை வந்தது. பொய் சொல்லவில்லை.

வழி காட்டியது எங்கள் ஸ்கேன் அறை நர்ஸ் அக்காதான். "மெஷினை ஏன் தூக்கறீங்க மேடம், புள்ளைங்கள இங்க கூட்டிட்டு வாங்களேன்." அவ்வளவுதான் விஷயம். பதிவு செய்த அறையிலேயே தேர்வு நடந்தால் இடமாற்றம் என்ற பேச்சே இல்லை. ரேடியாலஜி துறையிடம் கேட்டு ஞாயிறு காலை ஏழு மணி முதல் பதினொன்று வரை அறையை வாங்கினேன். ஆக, மூன்று நடையும் வீண். நீங்கள் முதலில் சான்றிதழை எடுத்து, அதில் இருக்கும் சீரியல் நம்பரையும் மெஷினின் முதுகில் இருக்கும் நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்தது மாதிரி மூட்டு. நேராக நோயாளி மேல் யாரையும் சோதிக்க எனக்கு மனசில்லை. ஜெலட்டினில் செய்யலாம் என்று படித்திருந்ததால், வீட்டிலேயே நான்கு கட்டி செய்து டப்பாவில் வைத்து எடுத்துப் போனேன். கத்திரி வெயில் நேரம். தண்டையார்பேட்டை சிக்னலில் ஆட்டோ இருபது நிமிடம் நின்றது. டப்பாவைத் திறந்தபோது உள்ளே கஞ்சி மாதிரி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிறும் போயிற்று.

பதில் நம் சமையலறையிலேயே இருந்தது: கடல்பாசி. கடையில் சைனா கிராஸ் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் நம் ஊர் வெயிலுக்கெல்லாம் இளகாது, கொதிக்கும் சூட்டுக்குக் கிட்டத்தட்ட போனால்தான் உருகும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் தூள் போட்டு நன்றாகக் காய்ச்சினேன். இறக்கும்போது இரண்டு ஸ்பூன் இசப்கோல். அது இல்லாவிட்டால் திரை முழுக்கக் கறுப்பாகத் தெரியும், தசை மாதிரி இருக்காது. நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள், ஒரு காற்றுக் குமிழி இருந்தாலும் அதன் கீழே எல்லாம் மறைந்துவிடும். கையுறையின் ஒரு விரலை வெட்டி, கலர் தண்ணீர் நிரப்பி, முடிச்சுப் போட்டு நடுவில் வைத்தேன். அதுதான் நீர் கோத்த மூட்டு. அதற்குக் கீழே எலும்பு வேண்டுமே? கல்மண்டபம் மார்க்கெட்டில் கறிக்கடை பாய் ஆட்டுத் தொடை எலும்பைச் சுத்தமாகச் செதுக்கிக் கொடுத்தார், எதற்கு என்று கேட்டுவிட்டுக் காசும் வாங்கவில்லை. திரையில் எலும்பின் வெள்ளைக் கோடும் அதன் மேல் கறுப்பு நீரும் தெரிந்த அந்த நிமிடம், இந்த இரண்டு மாதத்தில் நான் வாய்விட்டுச் சிரித்த ஒரே நிமிடம். ஒரு எச்சரிக்கை: கடல்பாசியில் ஊசி போன தடம் மூடிக்கொள்ளாது. இரண்டு பேர் குத்திய பிறகு, பழைய தடங்களெல்லாம் ஊசி மாதிரியே வெள்ளையாக மின்னும். இரண்டு பேருக்கு ஒரு கட்டி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரியில் எல்லோரும் தேறினார்கள். சொல்ல ஒன்றுமில்லை.

நோயாளிகளிடம் வந்தபோது ஒப்புதல் படிவத்தில் சிக்கல். எங்களிடம் இருந்தது ஆங்கிலப் படிவம். வலைப் பின்னும் ஓர் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊசி போடப்போறது நீயா, படிக்கிற புள்ளையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, அதற்கான பதில் படிவத்தில் எங்குமே இல்லை. 'பயிற்சி மருத்துவர் போடுவார், பேராசிரியர் பக்கத்தில் இருப்பார், வேண்டாம் என்றால் உங்கள் சிகிச்சை எதுவும் குறையாது' என்று தமிழில் எழுதி மறுவாரம் கொண்டுவந்தேன். சர்க்கரை இருப்பவர்களுக்கு, ஸ்டீராய்டு போட்டபின் சில நாள் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்பதையும் சேர்த்தேன். அந்த அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

இனிமேல்தான் எனக்குத் தூக்கம் போன கட்டம்.

மதிப்பெண் தாளில் இருபது கட்டம் வைத்திருந்தேன். பெயர் சரிபார்த்தாரா, மருந்தையும் அளவையும் வாய்விட்டுச் சொன்னாரா, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்தாரா, ப்ரோப்புக்கு (தோல் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி) ஸ்டெரைல் உறை போட்டாரா, இப்படி. மூன்றாவதாக வந்த பி.ஜி.க்கு அழகான கை. பதற்றமே இல்லை. வெளிப்பக்கமிருந்து ஊசியை இறக்கி, நீரை எடுத்து, மருந்தைச் செலுத்திவிட்டார். இருபதுக்குப் பத்தொன்பது போட்டேன். மொத்தத்தில் எப்படி என்று ஐந்துக்கு மதிப்பிடும் இடத்தில் நான்கு. வேறு கல்லூரியிலிருந்து வெளித்தேர்வாளராக வந்திருந்த மூத்த பேராசிரியர் அதே இடத்தில் இரண்டு போட்டிருந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வெளியாள் கெடுபிடி காட்டுகிறார் என்று நினைத்தேன். நல்லவேளையாக ஒவ்வொருவர் செய்ததையும் மெஷினில் கிளிப்பாகச் சேமிக்கச் சொல்லியிருந்தேன். அவர் அதைப் போட்டு, "இங்க நிறுத்துங்கம்மா, முனை எது காட்டுங்க" என்றார். வெள்ளைக் கோட்டின் நுனியைக் காட்டினேன். அது முனை இல்லை. ஒலிக்கற்றை மெல்லிய தகடு மாதிரி, ஊசி அதைவிட்டுக் கொஞ்சம் விலகினாலும் வெட்டுப்பட்ட துண்டுதான் தெரியும், அதன் நுனி முனை போலவே ஏமாற்றும். உண்மையான முனை இன்னும் ஆழத்தில், யார் கண்ணிலும் படாமல் இருந்தது. நீர் நிறைய இருந்ததால் மூட்டுக்குள்ளேயே போய்விட்டது. நீர் கம்மியான மூட்டாக இருந்தால் எதைக் குத்தியிருப்போமோ?

அப்புறம்தான் உறைத்தது. நான் நோயாளியின் கால்மாட்டில் நின்று பி.ஜி.யின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளித்தேர்வாளர் திரைக்கு எதிரே நின்றிருந்தார். என் இருபது கட்டத்தில் ஒன்றுகூட 'ஊசி முனை தெரிந்ததா' என்று கேட்கவில்லை. உறை போட்டதற்கும் துண்டு வைத்ததற்கும் மதிப்பெண் கொடுத்து, நோயாளியைக் காப்பாற்றும் ஒரே விஷயத்தை விட்டிருக்கிறேன். அன்று இரவு தாளைக் கிழித்து மறுபடி எழுதினேன். முனை கடைசிவரை தெரிந்ததா, தெரியாதபோது ஊசியை நிறுத்தினாரா என்ற இரண்டும் கட்டாயம், இதில் தவறினால் மற்றது முழுசாக இருந்தாலும் மறுதேர்வு. நீர் கலங்கலாக வந்தால் ஸ்டீராய்டு போடாமல் பரிசோதனைக்கு அனுப்பினாரா என்பதும் கட்டாயம். தேர்வாளர்கள் இருவருமே திரைப் பக்கம் நிற்க வேண்டும்.

முதலில் முடித்தவர்களின் கிளிப்புகளையும் மறுபடி பார்த்தோம். ஆறில் இரண்டு பேருக்கு மறுதேர்வு. அந்தப் பி.ஜி.யைக் கூப்பிட்டு, நான் போட்ட மதிப்பெண் தவறு, மாற்றுகிறேன் என்று சொல்வது சுலபமாக இல்லை. முகம் வாடிப்போனது. ஆனாலும் பதினைந்து நாள், ஓ.பி. முடிந்ததும் ஸ்கேன் அறைக்கு வந்து கடல்பாசிக் கட்டியில் குத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். ப்ரோப்பை ஒட்டிக் குத்தாமல் சற்றுத் தள்ளிப் படுக்கையாக ஊசியை நுழைத்தால் கோடு பளிச்சென்று தெரியும் என்பதை அவரே கண்டுபிடித்து மற்றவருக்கும் காட்டிக்கொடுத்தார்.

நேற்று அவருக்கு வந்தது நீர் கொஞ்சமே இருந்த முழங்கால். பாதி வழியில் கை நின்றது. "முனை தெரியல மேடம், நிறுத்துறேன்." ஊசியைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார், ப்ரோப்பை ஒரு துளி சாய்த்தார். தொடைத் தசைநாருக்குக் கீழே, அந்த மெல்லிய கறுப்புக் கீற்றுக்குள், முனை வெள்ளையாக வந்து உட்கார்ந்தது. படுத்திருந்த பெரியவரும் தலையைத் தூக்கித் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "தோ, உள்ள பூந்துடுச்சு பாரு" என்றார்.

வெளித்தேர்வாளர் நான்கு போட்டார். நானும் நான்கு.