ஒரே ஒரு ‘டக்’

கோத்தகிரியில் இன்று காலை கடும் பனி. அப்பாவின் பழைய ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். ‘டக்’. அவ்வளவுதான்.

பேட்டரி போய்விட்டது என்றே நினைத்தேன். மெக்கானிக் அண்ணன் வந்ததும் முகப்பு விளக்கைப் போடச் சொன்னார். “இப்போது திருப்புங்கள் தம்பி.”

மறுபடியும் ‘டக்’. விளக்கு கொஞ்சமும் மங்கவில்லை.

“பேட்டரி நன்றாக இருக்கிறது. இறங்கியிருந்தால் டகடகவென்று அடித்திருக்கும்.”

இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்தச் சுவிட்சான சொலினாய்டைக் கழற்றிப் பிரித்தார். உள்ளே நாணயம் போல ஒரு செப்பு வட்டு. ஓரமெல்லாம் கரி பிடித்து, அம்மைத் தழும்பாகக் குழிகள்.

ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாவிக்குப் போகும் மெல்லிய கம்பி அதைத் தாங்காது. அது சுருளில் காந்தத்தை எழுப்புவதோடு சரி. காந்தம் இழுக்க, இந்த வட்டு போய் இரண்டு தடித்த முனைகளையும் இணைக்க வேண்டும். இழுத்தது, ஆனால் கரி வழிவிடவில்லை.

முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, வட்டைப் புரட்டிப் போட்டார். தேயாத பக்கம் பளபளத்தது. ஜீப் உறுமியது.

அப்பா இந்த வண்டியை எப்போதும் இறக்கம் பார்த்தே நிறுத்துவார். ஏனென்று இன்றுதான் புரிந்தது. எத்தனை வருடமாக உருட்டியே கிளப்பினாரோ!