முளை எண்ணும் வேலை

சாமான் அறைச் சாவியை என் கையில் வைத்த அக்கா சொன்னது இவ்வளவுதான்: "முதல்ல கூடார முளைகளை எண்ணிடுங்க. மத்ததெல்லாம் போகப் போகப் புரிஞ்சிடும்." பன்னிரண்டு வருடம் அந்தச் சாவி அவரிடம் இருந்தது. நானோ, மகளைச் சாரணர் கூட்டத்தில் விட்டுவிட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்த அப்பா. சும்மா நிற்பதற்கு நாலு நாற்காலியை மடித்து வைக்கலாமே என்று ஒருநாள் உள்ளே போனேன். மூன்றாவது வாரம் நாற்காலிகள் என் பொறுப்பாகிவிட்டன. ஆறாவது மாதம் சாவி வந்தது.

அது ஜனவரி. ஒரு சனிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து எண்ணினேன். பதிவேட்டில் 240 முளைகள். பைகளில் 212. அதிலும் முப்பதுக்கு மேல் வளைந்தவை. எட்டுக் கூடாரங்களில் ஒன்றுக்கு நடுக்கம்பம் இல்லை. இன்னொன்றுக்கு ஒரு கம்பம் கூடுதலாக இருந்தது. சரி, மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால் அரை அடி நீளம் அதிகம். கயிறுகளெல்லாம் ஒரே மூட்டையாக, நுனி எது என்று தெரியாமல் கிடந்தன. முதலுதவிப் பெட்டியில் பாதி காலாவதியாகியிருந்தது. பகலில் நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஏடும் சரக்கும் ஒத்துப்போகாவிட்டால் தூக்கம் வராது. ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் சீராக்கிவிடலாம் என்று அன்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

சாரணர் இயக்கத்தின் கதையை எல்லோரும் பிரவுன்சீ தீவில்தான் தொடங்குவார்கள். 1907 ஆகஸ்ட். இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் இங்கிலாந்தின் அந்தச் சின்னத் தீவுக்கு இருபது சிறுவர்களை அழைத்துப் போனார். வசதியான வீட்டுப் பையன்களும் உழைப்பாளி வீட்டுப் பையன்களும் அதில் கலந்திருந்தார்கள். ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்ற நீர்க்கரைப் பறவை என்று நான்கு அணிகள். குடு என்ற ஆப்பிரிக்க மானின் கொம்பை ஊதி அவர்களைக் காலையில் எழுப்பினார். இதையெல்லாம் நான் பல தடவை கேட்டிருக்கிறேன். சாவி வந்த பிறகு கேட்கும்போதுதான் வேறு கேள்வி எழுந்தது. அந்தக் கூடாரங்களைப் படகில் ஏற்றி இறக்கியது யார்? முகாம் முடிந்து அவற்றைக் காயப்போட்டது யார்? அவர் பெயரில் ஒரு விழா நாள் இருந்தால் நன்றாக இருக்கும்.

எங்கள் வாரக் கூட்டம் ஒன்றரை மணி நேரம். கொடியேற்றம், ஒரு விளையாட்டு, ஒரு பயிற்சி, இன்னொரு விளையாட்டு, கொடியிறக்கம். பிள்ளைகளுக்குத் தெரிவது அந்த ஒன்றரை மணிதான். அதற்கு முன்னால் அறையைத் திறந்து கூட்டுவது, அன்றைக்குத் தேவையான கயிறு, அட்டை, திசைகாட்டிகளை எடுத்து வைப்பது. அதற்குப் பின்னால் திரும்பி வராத திசைகாட்டியைத் தேடுவது. எந்தப் பிள்ளையும் ஒரே ஒரு பெரியவரோடு தனியாக இருக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அதனால் யாராவது ஒரு பெற்றோர் கடைசி நேரத்தில் தாமதமாக வந்தால், குறைந்தது இரண்டு பெரியவர்கள் காத்திருக்க வேண்டும். அப்படி எத்தனையோ இரவுகள் நானும் எங்கள் சாரணத் தலைவரும் வாசல் விளக்கடியில் நின்று, நடுவில் ஒரு பையனை வைத்துக்கொண்டு, அவனுக்கு அலுத்துவிடக் கூடாதே என்று முடிச்சுப் போட்டிருக்கிறோம்.

பிப்ரவரி 22 நிறுவனர் நாள். பேடன் பவலின் பிறந்தநாள். அவர் மனைவி ஓலேவ் பிறந்ததும் அதே தேதிதான். உறுதிமொழியைத் திரும்பச் சொன்னோம், படம் எடுத்தோம், கலைந்தோம்.

மார்ச்சில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முகாமில் பாத்திரம் கழுவும் தொட்டியைத் தாங்க, கம்புகளைக் கயிற்றால் பிணைத்து மேசை கட்டும் பயிற்சி அது. அண்டங்காக்கை அணிக்குத் தலைவன் பதிமூன்று வயதுப் பையன். எங்கள் நான்கு அணிகளுக்கும் பிரவுன்சீ பெயர்களேதான், யோசிக்கச் சோம்பல். அவன் குறுக்குக் கம்பை வைத்து, கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, நேராக முடிச்சுப் போட்டுவிட்டான். இரண்டு கம்புகளுக்கும் நடுவில் புகுந்து, முதல் சுற்றுகளையே குறுக்கில் நெருக்கி இறுக்கும் சுற்று ஒன்று உண்டு. அதுதான் மொத்தக் கட்டையும் பிடித்து நிறுத்தும். அவன் அதைப் போடவில்லை. என் கை தன்னால் நீண்டது. பக்கத்தில் நின்ற சாரணத் தலைவர் லேசாகக் கனைத்தார். அவர் கழுத்தில் தோல் வாரில் கோத்த இரண்டு சின்ன மரமணிகள் தொங்கும். பயிற்சி முடித்த சாரணத் தலைவர்களுக்கு 1919இல் இங்கிலாந்தின் கில்வெல் பார்க் பயிற்சி மையத்தில் கொடுக்கத் தொடங்கிய அடையாளம் அது. கத்த மாட்டார், கனைப்பார். "கையைப் பின்னால கட்டிக்குங்க" என்றார்.

கட்டிக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு சிரமமான ஐந்து நிமிடங்கள் குறைவு. மேசை எழுந்தது. ஒரு பக்கம் சாய்ந்தபடியே இருந்தாலும் அழகாகத்தான் இருந்தது. தொட்டியை வைத்தார்கள். தண்ணீரை ஊற்றினார்கள். இரண்டாவது வாளியில் கம்புகள் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து, தண்ணீர் முழுக்க அணித் தலைவன் கால்சட்டையில். அரை நிமிடம் யாரும் மூச்சுவிடவில்லை. அப்புறம் அவனே சிரித்துவிட்டான். அவிழ்ந்து கிடந்த கயிற்றைப் புரட்டிப் பார்த்த பதினோரு வயதுப் பெண், "நடுவுல சுத்தலண்ணா, அதான் விரிஞ்சிடுச்சு" என்றாள். அவளுக்கு அதை அன்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டாவது முறை கட்டிய மேசையின் மேல் நான் உட்கார்ந்தே பார்த்தேன். என் எடை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சான்றிதழ் என்று புரியும்.

நான் கை நீட்டியிருந்தால் முதல் மேசையே நின்றிருக்கும். அடுத்த வாரம் அதைக் கட்ட மறுபடி நான்தான் தேவைப்பட்டிருப்பேன்.

தடம் பின்பற்றும் விளையாட்டு ஒன்றும் ஏப்ரலில் வைத்தோம். ஓர் அணி கல்லாலும் குச்சியாலும் அம்புக்குறி இட்டுக்கொண்டே போகும், அடுத்த அணி தேடி வரும். கடைசியில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. 'நான் வீட்டுக்குப் போய்விட்டேன்' என்று அர்த்தம். கென்யாவில் இருக்கும் பேடன் பவலின் கல்லறையிலும் அதே குறிதான் இருக்கிறது. சொன்னதும் பிள்ளைகள் கொஞ்சம் அமைதியானார்கள். ஆனால் அன்று முதலாவதாகப் போன அணி வட்டத்தைப் போட்டுவிட்டு உண்மையிலேயே வீட்டுக்குப் போய்விட்டது. தேடிப் பிடித்துப் பெற்றோர்களிடம் பேசி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

ஜூலை முகாம். இரண்டு இரவு. புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரம் அலுவலகத்தில் என் கணினியில் பாதி ஜன்னல்கள் முகாமுக்குச் சொந்தம்: பெற்றோர் சம்மதப் படிவம், யாருக்கு என்ன ஒவ்வாமை, யார் எந்த மருந்து எடுக்கிறார், அருகில் மருத்துவமனை எங்கே. எரிவாயு அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்து எரிக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளை முடித்துவிடும் என்று மூன்று முறை சொன்னோம். நாலாவது முறையாக, மழை தொடங்கியதும் சொன்னோம்.

ஆமாம், மழை. இரண்டாம் இரவு வலுத்தது. எங்களிடம் இரண்டு பழைய கேன்வாஸ் கூடாரங்கள் உண்டு. நனைந்த கேன்வாஸை உள்ளிருந்து விரலால் தொட்டால் அந்த இடத்தில் ஒழுகத் தொடங்கும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்று அன்றுதான் கற்றேன். சொன்னதும் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். நடு இரவில் பழைய பருத்திக் கயிறுகள் ஈரத்தில் சுருங்கி முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தன. கயிற்றைத் தளர்த்துவதற்காக டார்ச்சோடு வெளியே வந்தால், கர்லூ அணித் தலைவி ஏற்கனவே அங்கே குனிந்து நிற்கிறாள். "நீங்க தூங்குங்க சார், எங்க கூடாரம் முடிஞ்சுது, பக்கத்துதைப் பாத்துட்டிருக்கேன்." நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மழையில் அப்படி நிற்பது முட்டாள்தனமாகத்தான் இருந்தது.

மறுநாள் எல்லாவற்றையும் ஈரத்தோடு சுருட்டி வண்டியில் ஏற்றினோம். அதில் தப்பில்லை, வேறு வழியும் இல்லை. வீட்டுக்கு வந்த கையோடு விரித்துக் காயப்போட வேண்டும், அவ்வளவுதான். நான் அறையில் அடுக்கிவிட்டுப் போய்ப் படுத்தேன். திங்கட்கிழமை மாதக் கணக்கு முடிக்கும் நாள். செவ்வாயும் போனது. அடுத்த ஞாயிறு கதவைத் திறந்தபோதே மூக்குச் சொல்லிவிட்டது. கேன்வாஸ் இரண்டிலும் கருப்புப் புள்ளிகள், மிளகைத் தூவியது போல. தேய்த்தேன். வெயிலில் போட்டேன். வாடை கொஞ்சம் போனது, புள்ளிகள் போகவில்லை. பன்னிரண்டு வருடம் ஒருவர் பத்திரமாக வைத்திருந்ததை நான் ஏழு நாளில் கெடுத்தேன். அந்த அக்காவுக்குப் போன் செய்து சொன்னபோது அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "தனியாவா அத்தனையையும் காயவைக்கப் பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி ஆகஸ்ட் முழுக்க என்னோடு இருந்தது. தன்னார்வக் குழுக்களில் யாரும் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறுவதில்லை. முதலில் ஒரு வாரம் வரமாட்டார்கள். அப்புறம் செய்திகளுக்குக் கட்டைவிரல் மட்டும் வரும். அதுவும் நின்றுவிடும். எங்கள் பொருளாளர் அப்படித்தான் போனார். நானும் அந்தப் பாதையில் பாதி தூரம் போயிருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். சாவியை யார் தலையில் கட்டலாம் என்று மனதுக்குள் ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் கூட்டத்தில் "தயவுசெய்து யாராவது உதவிக்கு வாருங்கள்" என்று கேட்டோம். முப்பது பேர் செருப்பைப் பார்த்தார்கள். அந்த 'யாராவது' என்ற சொல்லில்தான் கோளாறு. அது யாருடைய பெயரும் இல்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வேலையோடு. ஓர் அம்மா எடுத்த எடுப்பிலேயே, "எனக்குக் கூடாரமெல்லாம் தெரியாதுங்க" என்றார். "தையல் தெரியுமா?" என்றேன். எதிர்முனையில் சிரிப்பு. கிழிந்த மூன்று கூடாரங்களின் ஜிப்பும் ஓரமும் அவர் வீட்டு மெஷினில் சரியாகித் திரும்பி வந்தன. அளவு தவறிய அந்தக் கம்பத்தை ஓர் அப்பா அரை அடி அறுத்துக் கொடுத்தார். அவருக்கு அது பத்து நிமிட வேலை. எட்டு மாதம் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

கூடாரம் காயவைப்பதற்கும் வழி பிறந்தது. ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு நிறத்தில் டேப். முகாம் முடிந்ததும் ஒரு வீட்டுக்கு ஒரு கூடாரம், ஒரு வாரத்துக்குள் காய்ந்து மடித்துத் திரும்ப வேண்டும். செப்டம்பரில் ஒற்றை இரவு முகாம் போய் வந்தபோது முயன்று பார்த்தோம். எட்டில் ஏழு சரியாகத் திரும்பின. எட்டாவது, ஒரு வீட்டின் மாடியில் இன்னும் விரித்தே கிடக்கிறது, அந்த வீட்டுத் தம்பி அதற்குள்தான் தூங்குவேன் என்கிறான் என்று செய்தி வந்தது. மூன்றாவது வாரம் வந்து சேர்ந்தது.

அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் உலகச் சாரணர்கள் அமெச்சூர் வானொலியிலும் இணையத்திலும் ஒருவரோடு ஒருவர் பேசும் ஜம்போரி நடக்கும். உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர் ஒருவர் கருவியோடு வந்தார். கையில் போன் வைத்திருக்கும் தலைமுறைக்கு இது என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரைச்சலுக்குள்ளிருந்து யாரோ ஒரு பிள்ளையின் குரல் எழும்பி வந்ததும் அறையே நிசப்தமானது. மைக், மார்ச்சில் மேசை கட்டிய அந்தப் பதிமூன்று வயதுக்காரன் கையில். வாயடைத்து நின்றான். கடைசியில் தன் பெயரைச் சொல்லி, "அங்கே மழையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். மழைதான் என்று பதில் வந்தது. எங்கள் அணிகள் ஆரவாரம் செய்ததில் அடுத்த வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை.

டிசம்பர் கடைசிக் கூட்டம். ஒரு தட்டில் 24 பொருட்களை வைத்து ஒரு நிமிடம் காட்டி, மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்லும் பழைய விளையாட்டு உண்டு. இந்த முறை சாமான் அறைப் பொருட்களையே வைத்தேன்: ஷாக்கிள், கயிறு இறுக்கி, கூடார ஒட்டு, விசில். விளையாட்டு முடிந்ததும் கதவைத் திறந்துவிட்டு, இவை எல்லாம் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வையுங்கள் என்றேன். பாதிக்கு மேல் சரியான அலமாரிக்குப் போயின. அப்புறம் முளைப் பைகளை நான்கு அணிகளுக்கும் பிரித்துக் கொடுத்து எண்ணச் சொன்னேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தேன்.

கூட்டினால் 198.

நடுச்சுற்றைக் கண்டுபிடித்த பெண் என் தோளுக்கு மேலாக எட்டி ஏட்டைப் படித்தாள். "சார், ஜனவரில 212 போட்டிருக்கே. பதினாலு எங்க?"

"மண்ணுக்குள்ள."

"எந்த மண்ணுல?"

"ஜூலை முகாம்ல, மழையில."

அவள் என்னிடமிருந்து பேனாவை வாங்கி, 198 என்று எழுதினாள். பக்கத்திலேயே சின்ன எழுத்தில், 'வளைந்தவை 41' என்றும் சேர்த்தாள். வளைந்ததை நான் கேட்கவே இல்லை. பிறகு ஒரு வளைந்த முளையைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்த முடியுமா என்று பார்க்க வெளியே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னும் மூன்று பேரின் தட்டல் சத்தம் கேட்டது.