செந்தேளும் அதன் விஷக் கைரேகையும்

போன ஞாயிறு செங்கல்பட்டு மாவட்டம் மண்ணிவாக்கத்தில் சித்தப்பா வீட்டில், மாடி எடுக்க இறக்கி வைத்திருந்த செங்கலை இடம் மாற்றிக்கொண்டிருந்தோம். அடி வரிசைக் கல் ஒன்றைப் புரட்டினால் விரல் நீளத்துக்கு ஒரு தேள், வாலை மடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. "நட்டுவாக்காலி இல்லடா, சின்னதுதான், தள்ளிவிடு" என்று சித்தப்பா கையை நீட்டினார். அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். மெலிந்த இடுக்கி, தடித்த வால், செம்பழுப்பு நிறம். செந்தேள் மாதிரியே இருந்தது.

நாம் பயப்படுவதே தலைகீழாக இருக்கிறது. கன்னங்கரேலென்று பெரிதாக வரும் நட்டுவாக்காலியைப் பார்த்து அலறுகிறோம், அது கொட்டினால் பெரும்பாலும் வலியோடு முடிந்துவிடும். இதயத்தைப் பாதித்து உயிரை எடுக்கக்கூடியது சின்னச் செந்தேள்தான், அதுவும் குழந்தைகளைக் கொட்டினால் இன்னும் ஆபத்து.

சரி, எந்த இனத் தேள் என்று இடுக்கியையும் வாலையும் பார்த்தே சொல்லிவிடலாமே? முழுசாக, வளர்ந்த தேளாக இருந்தால் ஓரளவு சொல்லலாம். குட்டியாக இருந்தாலோ செருப்பில் நசுங்கிப் போயிருந்தாலோ கண் ஏமாந்துவிடும். விஷம் அப்படி ஏமாற்றாது. வால் நுனியில் லேசாக மின்சாரம் கொடுத்து ஒரு சொட்டு எடுத்து, மூலக்கூறுகளை எடை போடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால், உள்ளே இருக்கும் பெப்டைடுகள் (குட்டிப் புரதங்கள்) ஒவ்வொன்றும் தன் எடைக்கு ஏற்ற இடத்தில் ஒரு கோடாக எழுந்து நிற்கும். செல்லில் பொட்டாசியம் போய்வரும் வாசலான பொட்டாசியம் சானலை அடைக்கும் நஞ்சுகள் பொதுவாக 3,000 முதல் 4,500 டால்டன் (மூலக்கூறு எடையின் அளவு) வரை, நரம்பின் சோடியம் சானலைக் குழப்புபவை 6,500க்கு மேல். செந்தேள் விஷத்திலிருந்து 1990இல் பிரித்தெடுத்த ஐபீரியோடாக்சின் என்ற பொட்டாசியம் சானல் நஞ்சில் 37 அமினோ அமிலங்கள், எடை சுமார் 4,230 டால்டன். இப்படி எழும் கோடுகளின் மொத்த வரிசைதான் அந்த இனத்தின் கைரேகை.

ஆனால் ஒரே இனத்திலும் ஊருக்கு ஊர் இந்த வரிசை கொஞ்சம் மாறும். மேற்கு இந்தியாவில் இருக்கும் செந்தேளின் விஷப் புரதங்களும் தென்னிந்தியச் செந்தேளுடையதும் அச்சு அசலாக ஒன்றில்லை. ஓர் ஊர்த் தேளை வைத்துத் தயாரித்த விஷமுறிவு இன்னொரு ஊரில் எவ்வளவு கேட்கும் என்பதே இதைப் பொறுத்தது. அதனால்தான் சொல்கிறேன், செங்கல்பட்டுத் தேளை செங்கல்பட்டிலேயே பிடித்து, பிடித்த இடத்தோடு சேர்த்துப் பதிந்து வைக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் மகாடில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிராசோசின் மாத்திரையால் செந்தேள் கொட்டிய எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தவர். தன் ஊர்த் தேள் என்ன செய்கிறது என்று நோயாளி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததால் வந்தது அது.

கொட்டிய நேரத்தில் இந்த மெஷினெல்லாம் உதவாது. வியர்த்துக் கொட்டுகிறதா, கை கால் சில்லிட்டதா என்று பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார், நாம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய யூவி டார்ச்சை செங்கல் குவியல்மேல் அடித்தேன். இடுக்கில் இன்னும் இரண்டு, நீலப்பச்சையாக ஒளிர்ந்தன. சித்தப்பா ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.