2048-ல் நின்றுபோன ஹார்ட் டிஸ்க்

குடியாத்தத்தில் நைனா நடத்திய ஸ்டூடியோவின் இரும்பு பீரோவில் இன்னமும் இரண்டு தட்டு நிறைய மினி டிவி (MiniDV) வீடியோ கேமரா கேசட்டுகள் இருக்கின்றன. பாதி கல்யாணங்கள். மீதி, வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. முத்தியாலம்மன் கோயிலில் சிரசு கிளம்பி, வழியெல்லாம் தேங்காய் உடைபட, கோபாலபுரம் போய்ச் சேரும்வரை நைனா கேமராவைத் தோளிலிருந்து இறக்க மாட்டார். கேசட்டுக்கும் வயசாகிறது, பூஞ்சை பிடித்தால் போச்சு. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று சித்திரையில் உட்கார்ந்தேன்.

மினி டிவி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். எங்களிடம் 200 கேசட்டுக்கு மேல். வேலூருக்குப் போய் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன்.

ஸ்டூடியோவில் இருந்த பழைய யுஎஸ்பி டாக்கில் (ஹார்ட் டிஸ்க்கைச் சொருகி யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் தாங்கி) சொருகினால் 1678 ஜிபி என்று காட்டியது. வயிறு கலங்கிவிட்டது. போலி டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று மறுநாளே கடைக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். "டிஸ்க்கு நல்லாதாம்மா கீது. உங்க மதர்போர்டு பழசு, நாலு டிபி எடுக்காது. புது செட்டு வாங்கிடுங்க" என்றார். எனக்கு அது முடியாது. கேமராவிலிருந்து படத்தை இழுக்கும் ஃபயர்வயர் கார்டு ஸ்டூடியோவின் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் பெட்டியில்தான் இருக்கிறது.

டாக்கை விட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து, டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளில் நேரடியாக மாட்டினேன். விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் திரையில் 4000 ஜிபி என்றே வந்தது. நிம்மதியாக இருந்தது. போர்டுக்கு டிஸ்க் முழுசாகத் தெரிகிறது என்று அதற்கு அர்த்தம். விண்டோஸ் உள்ளே போனதும், டிஸ்க்குகளைப் பிரிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி, எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்டது. டிஸ்க்கில் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் இரண்டு முறைகள் அவை. வித்தியாசம் தெரியாமல் எம்பிஆரைக் கொடுத்தேன். திரையில் 2048.00 ஜிபி ஒரு துண்டு, பக்கத்தில் 1678.02 ஜிபி கறுப்புத் துண்டு. கறுப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் புது வால்யூம் போடும் வரி மங்கிப்போய்க் கிடந்தது. இருக்கும் வரைக்கும் ஆகட்டும் என்று 2048-ஐ ஃபார்மேட் செய்து கேசட் ஏற்ற ஆரம்பித்துவிட்டேன். அவசரப்பட்டிருக்கக் கூடாது.

பத்தொன்பது கேசட் முடிந்த ராத்திரி, கரண்ட் போய் வந்த நேரத்தில், நோட்டில் இரண்டு எண்களையும் கூட்டிப் பார்த்தேன். 3726. டிஸ்க் வந்த அட்டைப்பெட்டி மேல் போட்டிருக்கும் 4 டிபி ஆயிரம் ஆயிரமாக எண்ணியது. விண்டோஸ் 1024 ஆக எண்ணும்போது அதே டிஸ்க் 3726 ஜிபிதான். ஒரு ஜிபிகூடக் குறையவில்லை! டாக் காட்டிய 1678, மொத்தத்தில் 2048 போக மிச்சம்.

பழைய டேப் பிளேயரின் நான்கு இலக்கக் கவுண்டரை நினைத்துக்கொண்டேன். 9999 தாண்டினால் 0000. டேப் ஓடிக்கொண்டுதான் இருக்கும், எண்ணுவதற்கு இலக்கம்தான் இருக்காது. டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்களான செக்டர்களை எம்பிஆர் 32 பிட்டில், அதாவது 0, 1 மட்டும் உள்ள 32 இலக்கத்தில் எண்ணுகிறது. சுமார் 429 கோடி செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். பெருக்கினால் மிகச் சரியாக 2048 ஜிபி. என் டாக்கும் அதே 32 பிட் சில்லு. கவுண்டர் ஒரு சுற்று சுற்றி மிச்சத்தைக் காட்டியிருக்கிறது. 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று தெரிந்தாலும் இதே கணக்குதான். சாட்டாவில் நேராக மாட்டியும் 746 வந்தால், பழைய ஸ்டோரேஜ் டிரைவரை மாற்றிப் பாருங்கள்.

ஜிபிடி 64 பிட்டில் எண்ணும். விண்டோஸை அதிலிருந்தே பூட் செய்யத்தான், பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ உள்ள போர்டு வேண்டும். ஃபைல் வைக்க மட்டும் என்றால் என் பழைய பயாஸே போதும். ஆனால் விண்டோஸின் சொந்த வழியில் டேட்டா டிஸ்க்கை மாற்ற, அதைக் காலி செய்தாக வேண்டும். பத்தொன்பது மணி நேரப் படம் அதில் இருந்தது. காட்பாடியில் இருக்கும் சித்தி பையனிடம் 1 டிபி போர்ட்டபிள் டிஸ்க் கடன் வாங்கி, இரண்டரை மணி நேரம் காப்பி செய்தேன். ஃபைல் அளவுகளை ஒப்பிட்டதோடு விடவில்லை. ஒவ்வொன்றையும் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்தேன். இந்த ஒரு வேலையில் மட்டும் யாரும் சோம்பல் படாதீர்கள்.

பிறகு வால்யூமை டெலீட் செய்தேன். இடது ஓரத்தில் 'டிஸ்க் 1' என்று எழுதியிருக்கும் கட்டத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால்தான் ஜிபிடிக்கு மாற்றும் வரி வரும். துண்டின் மேல் கிளிக் செய்தால் அந்த வரி வராது. எனக்கு அரை மணி நேரம் அங்கேயே போனது. ஜிபிடிக்கு மாற்றச் சொன்னதும் நொடியில் இரண்டு துண்டும் ஒன்றாகின. 3725.90 ஜிபி. அந்தச் சின்ன வித்தியாசம் விண்டோஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் 128 எம்பி. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க்பார்ட் கருவியில் கட்டளை அடித்தும் இதைச் செய்யலாம். ஆனால் டிஸ்க் எண்ணை மாற்றி அடித்துவிட்டால் வேறு டிஸ்க்கே துடைக்கப்பட்டுவிடும் என்று பயந்து அந்தப் பக்கம் போகவில்லை. பழைய டாக்கில் இந்த டிஸ்க்கை இனி மாட்டவே மாட்டேன்.

கதவருகே நின்றிருந்த நைனா, "முழுசா வந்துச்சாமா?" என்றார். வந்துடுச்சு நைனா என்றேன். பீரோவைத் திறந்து இருபதாவது கேசட்டை எடுத்துத் துணியால் துடைத்துக் கொடுத்தார்.